சிவப்புத் துணி கட்டிய கயிறு

அந்தப் பக்கம் வேண்டாம். இந்தப் பக்கம் வந்து உட்காருங்கள். அந்தக் காது போய்விட்டது. இது பாதி. முகத்தைக் காட்டிப் பேசினால் மீதியை நான் பார்த்துக்கொள்வேன்.

டாக்டர் இன்னும் வரவில்லை. அதோ, நீலச் சட்டை போட்டுப் போனை நோண்டிக்கொண்டு நிற்கிறானே, அவன் என் மகன் சசிதரன். என் சீட்டு, என் டோக்கன், நான் பேப்பர் படிக்கிற கண்ணாடி எல்லாம் அவன் பையில்தான். கேட்டால், ‘நான் பாத்துக்கறேன், நீங்க சும்மா உக்காருங்க’ என்பான். அதனால் சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.

நீங்கள் வீட்டம்மாவைக் கூட்டி வந்திருக்கிறீர்கள். சொல்ல வேண்டாம், பார்த்தாலே தெரிகிறது. இல்லையா? உங்களுக்கேவா? சரி, இருக்கட்டும்.

எனக்கு எப்படிப் போச்சு என்றுதானே கேட்க வருகிறீர்கள். பிரஸ் ஷாப். கணபதி பக்கம் ஒரு பம்ப் கம்பெனி. பெயர் வேண்டாம், இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. மோட்டாருக்குள் தகடு தகடாக அடுக்கியிருப்பார்களே, அந்தத் தகட்டை அடிக்கிற பிரஸ்கள் ஒரு ஷெட் நிறைய. பக்கத்து ஆள் கத்தினால் வாய் அசைவதுதான் தெரியும். அதனால் நாங்கள் கையால்தான் பேசுவோம். டீக்குக் கட்டை விரலைச் சாய்க்க வேண்டும். மேனேஜர் வந்தால் சட்டைக் காலரைத் தொட வேண்டும். மீசையை முறுக்கினால் ஃபோர்மேன். ஃபோர்மேன் நான். சென்னியப்பன்.

காது போனதில் எனக்குக் கோபம் இல்லை. அது இரும்பு செய்த வேலை. மனுஷன் செய்ததைக் கேளுங்கள்.

திருமூர்த்தி என்று ஒருவன். பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. அவன் அப்பா எங்கள் கம்பெனி வாட்ச்மேன். ஒருநாள் மகனை இழுத்து வந்து என் முன்னால் நிறுத்தினார். மீசை முளைக்காத வயது இல்லை, முளைத்திருந்தது. நல்ல முதுகு. கண் ஒரு இடத்தில் நிற்காது, எல்லாவற்றையும் பார்க்கும். முதலாளி வேண்டாம் என்றார். மெஷினில் கையைக் கொடுத்துவிட்டால் யார் பதில் சொல்வது என்றார். நான் சொல்கிறேன் என்றேன். அந்தக் கம்பெனியில் அப்படிச் சொன்ன ஆள் நான் ஒருவன்தான். நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், ஒருவன்தான்.

இப்போது அதற்குப் பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள். எல்லோரையும் உள்ளடக்கிய பணியிடம். வாசலில் போர்டு. கை கோத்துக்கொண்டு நிற்கிற பொம்மைகள், ஒரு சக்கர நாற்காலி, பின்னால் சூரியன். நான் போர்டு இல்லாமல் செய்தேன்.

அவனை ஊமை என்று கூப்பிடக்கூடாது என்று ஷாப்பில் சட்டம் போட்டேன். ஒருத்தன் கூப்பிட்டான். அவன் கையில் இருந்த டீ கிளாஸைத் தட்டிவிட்டேன். அதற்குப் பிறகு யாரும் கூப்பிடவில்லை. என் முன்னால் கூப்பிடவில்லை.

அவனை எப்படிக் கூப்பிடுவது? நான்தான் ஒரு வழி கண்டுபிடித்தேன். என் மேசையிலிருந்து அவன் மெஷின் வரைக்கும் மேலே ஒரு நைலான் கயிறு. நடுவில் இரண்டு கப்பி. அவன் மூக்குக்கு எதிரே கயிற்று நுனியில் ஒரு சிவப்புத் துணி. நான் இங்கே இழுத்தால் அங்கே துணி குதிக்கும். உடனே திரும்பிப் பார்ப்பான். வெளியிலிருந்து கம்பெனி பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் அதை இழுத்துக் காட்டுவேன். இழுப்பேன், துணி குதிக்கும், அவன் திரும்புவான், அவர்கள் சிரிப்பார்கள். முதலாளியே ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.

அப்படி வைத்திருந்தேன் அவனை. வருஷக் கணக்கில்.

எங்கள் கம்பெனியில் மாதம் ஒருநாள் குறை கேட்கிற கூட்டம் உண்டு. ஒவ்வொரு ஷாப்பிலிருந்தும் ஆட்கள் போய் மேனேஜரிடம் சொல்வார்கள். திருமூர்த்தியும் வருவான், என் பக்கத்தில் உட்காருவான். அவன் கையை ஆட்டுவான், நான் மேனேஜரிடம் சொல்வேன். பிரஸ் ஷாப் கைபாஷை எனக்கு அத்துப்படி. அவனுக்குக் கையுறை வேண்டும் என்பேன். வந்தது. வெயில் காலத்தில் மின்விசிறி வேண்டும் என்பேன். வந்தது. அவன் தங்கச்சி கல்யாணத்துக்கு லீவு கேட்டதுகூட நான்தான். அவனுக்குப் பெண் பார்க்கப் போனபோது அந்த வீட்டில் பேசினதும் நான்தான். பெண்ணுக்கும் காது கேட்காது. அவர்கள் இரண்டு பேரும் கையை ஆட்டிக்கொண்டே இருந்தார்கள், வேகமாக, எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நல்ல பேச்சாகத்தான் இருக்கும் என்று பெண்ணின் அப்பாவிடம் சொல்லி முடித்து வைத்தேன்.

வருகிறேன், விஷயத்துக்குத்தான் வருகிறேன். கடிகாரத்தைப் பார்க்காதீர்கள்.

ஷாப்பில் செட்டர் என்று ஒரு வேலை உண்டு. தகட்டை வெட்டுகிற அச்சை மெஷினில் பொருத்துகிறவன். பொருத்தி, ஒரு அடி அடித்துப் பார்த்து, சரியாக உட்கார்ந்ததா என்று சொல்ல வேண்டும். மரியாதையான வேலை. ஆபரேட்டர் அடித்துக்கொண்டே இருப்பான், செட்டர் இடுப்பில் ஸ்பேனரைச் சொருகிக்கொண்டு நடப்பான். வித்தியாசம் புரிகிறதில்லையா.

திருமூர்த்திக்கு அதில் ஒரு கண். செட்டர் ரங்கசாமியைக் காட்டுவான், பிறகு தன் நெஞ்சில் இரண்டு தட்டு தட்டுவான். நான், நான். அது அவன் பழக்கம். வேறு யாரும் ஷாப்பில் அப்படிச் செய்ய மாட்டார்கள். கூட்டத்திலும் அதையே காட்டுவான். மேனேஜர், ‘என்னங்க சொல்றான்?’ என்பார். ‘ஒண்ணுமில்லீங்க, வேலை திருப்தியா இருக்குன்னு சொல்றானுங்க’ என்பேன்.

பின்னே என்ன சொல்வது? செட்டருக்குக் காது வேண்டும். அச்சு ஒரு நூல் தள்ளி உட்கார்ந்தால் அடிக்கிற சத்தம் மாறும். அதைக் கேட்கத் தெரியாதவன் கையை வைத்தால் விரல் போய்விடும். அப்புறம் அவன் அப்பாவுக்கு யார் பதில் சொல்வது? அவனுக்குத் தெரியாத ஆபத்து எனக்குத் தெரியும். அதனால் அவனுக்கும் சேர்த்து நான் முடிவு செய்தேன். அடுத்த செட்டர் இடம் காலியானபோதும் கேட்டான். திருப்தி என்றேன். அதற்கடுத்த தடவையும் கேட்டான். திருப்தி என்றேன். ஒவ்வொரு தடவையும் என் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். பிறகு மேனேஜர் தலையாட்டுவார். இவனும் பார்த்துத் தலையைக் குனிந்துகொள்வான். அடக்கமான பையன்.

வயதா? நாற்பது தாண்டிவிட்டது. எனக்குப் பையன்தான்.

நடுவில் என் காது போக ஆரம்பித்தது. யாரிடமும் சொல்லவில்லை. சம்சாரத்திடம்கூட இல்லை. காது போன ஃபோர்மேனை ஷாப்பில் வைத்திருக்க மாட்டார்கள். செட்டர் மாட்டின அச்சைச் சரிபார்க்கும்போது மெஷின் உடம்பில் உள்ளங்கையை வைத்துக்கொள்வேன். அதிர்வு தெரியும். அது போதும். பின்னால் யாராவது கூப்பிட்டால்தான் சிக்கல்.

இவன் கண்டுபிடித்துவிட்டான். எப்போது என்று தெரியாது. யாராவது எனக்குப் பின்னால் வந்து நின்றால், தன் மெஷினிலிருந்தபடியே கண்ணைக் காட்டுவான். மேனேஜர் என்றால் காலரைத் தொடுவான். நான் கேட்ட மாதிரியே திரும்புவேன். இதைப் பற்றி நாங்கள் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை. அவனை நம்பினேன். அந்த ஷெட்டில் நான் நம்பின ஒரே ஆள் அவன். அதுதான் நெஞ்சை அறுக்கிறது.

பிறகு பழைய முதலாளி ஓய்ந்து, மகன் வந்தார். வெளிநாட்டு ஆர்டர். வெளிநாட்டுக்காரன் பம்பை மட்டும் பார்க்க மாட்டானாம், ஆட்களை எப்படி நடத்துகிறோம் என்றும் பார்ப்பானாம். அதற்கென்று பிரமிளா என்று ஒரு மேடம் வந்தது. எச்.ஆர். பார்க்கிறவர்களை எல்லாம் பெயர் சொல்லி, ‘உங்க கருத்து என்னங்க?’ என்று கேட்கும். நாற்பது வருஷம் என்னை யாரும் கருத்துக் கேட்டதில்லை. வேலை நடந்துகொண்டுதான் இருந்தது.

அந்த மேடம் என் கயிற்றைப் பார்த்தது. இழுத்துக் காட்டினேன். சிரிக்கவில்லை. ‘இவருக்கு உங்களைக் கூப்பிடணும்னா என்னங்க பண்ணுவார்?’ என்றது. அவன் எதற்கு என்னைக் கூப்பிடப் போகிறான் என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போய்விட்டது.

அடுத்த கூட்டத்துக்கு ஒரு பெண்ணைக் கூட்டி வந்தது. ஜெசிந்தா. காது கேளாதோர் பள்ளிக்கூடத்தில் வேலை, கைபாஷையை வாயால் சொல்லும், வாயால் சொன்னதைக் கையால் சொல்லும். எதற்கு, நான் இருக்கிறேனே என்றேன். நீங்களும் இருங்கள் என்றார்கள். நானும் என்றால் என்ன அர்த்தம், சொல்லுங்கள்.

திருமூர்த்தி வந்தான். எப்போதும் போல என் பக்கத்தில்தான் உட்கார்ந்தான். அந்தப் பெண் எதிரில் உட்கார்ந்து கையை அசைத்தது. இவன் முகத்தைப் பார்க்க வேண்டும். இருட்டு அறையில் சுவிட்சைப் போட்ட மாதிரி. கை ஓடுகிறது, தோள் ஓடுகிறது, புருவம் ஓடுகிறது. பெண் பார்க்கப் போன அன்று பார்த்தேன், அதற்குப் பிறகு அன்றைக்குத்தான் பார்த்தேன். என்னிடம் இத்தனை வருஷம் கட்டை விரலும் காலரும்தான்.

மேடம் கேட்டது. ரங்கசாமி ரிட்டயர் ஆகிறார், செட்டர் இடம் காலி, இவருக்கு விருப்பமா என்று. அந்தப் பெண் கையைத் தூக்குவதற்குள் நான் சொல்லிவிட்டேன். அவனுக்கு வேண்டாங்க, செட்டருக்குக் காது வேணுங்க, இவன் இருக்கற வேலைல திருப்தியா இருக்கானுங்க.

பேசும்போது என் கை தானாக ஆடும். அந்தக் கையைப் பிடித்தான். திருமூர்த்தி. மெதுவாகத்தான் பிடித்தான், மேசைமேல் அழுத்தி வைத்தான், குழந்தை கையை வைக்கிற மாதிரி. பிறகு தன் நெஞ்சில் இரண்டு தட்டு. நான், நான்.

அப்புறம் கையை ஓட்டினான். அந்தப் பெண் பார்த்துக்கொண்டே இருந்தது, வாயைத் திறக்கவில்லை. மேடம், சொல்லம்மா என்றது. அந்தப் பெண் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னது. நான் அதன் உதட்டைத்தான் பார்த்தேன். ஒரு எழுத்து தப்பவில்லை.

“செட்டருக்குக் காது வேணும்னு அண்ணன் சொல்றார். அண்ணனுக்கும் கேக்காதுங்க. ரொம்ப நாளாவே கேக்காது. கையை வெச்சுத்தான் அச்சுப் பாக்கறார், நல்லாத்தான் பாக்கறார். அவரைப் பாத்துத்தான் நானும் கத்துக்கிட்டேன். அவரால முடியும்னா என்னாலயும் முடியுங்க.”

மேனேஜர் என்னையே பார்த்தார். அந்தப் பயல் நிறுத்தவில்லை. இன்னும் கையை ஆட்டினான்.

“கயித்தை எடுத்துட்டு லைட்டு வைக்கறதா மேடம் சொன்னாங்க. வெச்சா அண்ணன் மேசைக்கும் ஒண்ணு வையுங்க. ரெண்டு பேருமே கூப்பிட்டுக்கலாம்.”

என்னமோ எனக்கு உபகாரம் செய்கிற மாதிரி.

இதற்கு என்ன பெயர்? நீங்கள் சொல்லுங்கள். வேண்டாம், நானே சொல்கிறேன். துரோகம். ஊர் உலகத்தில் ஒருத்தருக்கும் தெரியாததைத் தெரிந்து வைத்துக்கொண்டு, நேரம் பார்த்து, எல்லோர் முன்னாலும் போட்டு உடைத்தான். அவனுக்காக முதலாளியிடம் நின்றவன் நான். அவன் வாயாக இருந்தவன் நான். அவன் பேசின முதல் பேச்சு என் காதைப் பற்றி.

மறுவாரம் என்னைக் காது பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பாதுகாப்பு விதியாம். ஷாப்பிலிருந்து தூக்கி ஸ்டோரில் போட்டார்கள். நட்டு, போல்ட்டு, கிரீஸ் டப்பா, ஒரு ஜன்னல், ஒரு நாற்காலி. உங்க கருத்து என்னங்க என்று என்னை மட்டும் அந்த மேடம் கேட்கவில்லை. திருமூர்த்தி செட்டர் ஆனான். அந்தப் போர்டுக்குப் பக்கத்தில் நிற்க வைத்துப் போட்டோ எடுத்தார்கள்.

விரல் போனதா என்றுதானே கேட்கிறீர்கள். போகவில்லை. பத்தும் இருக்கிறது. அதுவா விஷயம்?

ஸ்டோரில் ஆள் வந்து ஜன்னலில் நின்று கூப்பிட்டால் எனக்குக் கேட்காது. நான் அலமாரிப் பக்கம் திரும்பியிருப்பேன். பசங்கள் போல்ட்டை மேசைமேல் எறிந்து கூப்பிட ஆரம்பித்தார்கள். ஒன்று என் தோளில் பட்டது. திருமூர்த்தி வந்தபோது அதைப் பார்த்தான். எறிந்தவன் சட்டையைப் பிடித்து வெளியே தள்ளினான் என்று பிறகு சொன்னார்கள். நான் கேட்டேனா?

அடுத்த நாள் காலையில் வந்து பார்க்கிறேன், ஜன்னல் கம்பியிலிருந்து என் நாற்காலி வரைக்கும் ஒரு கயிறு. அதே நைலான் கயிறு. அதே இரண்டு கப்பி. என் மூக்குக்கு எதிரே அதே சிவப்புத் துணி. ஜன்னலில் நின்றுகொண்டு இழுத்தான். துணி குதித்தது. நான் திரும்பினேன். அவன் சிரித்தான். பின்னால் இரண்டு பேர் நின்றார்கள், அவர்களும் சிரித்தார்கள்.

அறுத்து எறிந்தேன். என்ன நினைத்துக்கொண்டிருக்கிறான்? ஒரு மனுஷனைக் கயிற்றில் கட்டிக் கூப்பிடுவதா? இழுத்தால் திரும்ப நான் என்ன மாடா?

அது வேறு. நீங்கள் கேட்க வருவது தெரியும். அது அவனுக்காக நான் கட்டினது. அவனுக்கு அது தேவையாக இருந்தது. முகத்தை அப்படி வைத்துக்கொள்ளாதீர்கள்.

அறுந்த கயிற்றைக் குனிந்து எடுத்தான். மடக்கிப் பையில் போட்டுக்கொண்டு போனான். மறுநாள் லைட்டு வந்தது. ஜன்னலில் ஒரு சுவிட்சு, என் மேசையில் ஒரு விளக்கு. என் மேசையிலும் ஒரு சுவிட்சு இருந்தது. அதை அழுத்தினால் ஷாப்பில் அவன் மெஷின் பக்கம் எரியும் என்று எலெக்ட்ரீஷியன் சொன்னான். நான் ஒருநாளும் அழுத்தவில்லை.

டீ நேரத்தில் ஜன்னலில் வந்து நிற்பான். கட்டை விரலைச் சாய்ப்பான். நான் கிரீஸ் டப்பாவை எண்ணிக்கொண்டிருப்பேன். கொஞ்ச நேரம் நிற்பான், போய்விடுவான். மறுநாளும் வருவான். நான் ரிட்டயர் ஆகிற அன்றைக்கும் வந்தான். அன்றைக்கு அந்த ஜெசிந்தாவையும் கூட்டி வந்திருந்தான். அந்தப் பெண் ஏதோ சொன்னது. என்னை ஸ்டோருக்குத் தள்ளினபோது இவன் மேடத்திடம் போய்ச் சண்டை போட்டானாம். அண்ணன் ஷாப்பிலேயே இருக்கட்டும், அவர் முதுகுக்கு நான் கண்ணாக இருக்கிறேன் என்றானாம். அவர்கள் கேட்கவில்லையாம்.

நான் நம்பவில்லை. அவன் உண்மையில் என்ன சொன்னானோ, யார் கண்டது? அடுத்தவனுக்காகப் பேசுகிறவர்கள் தங்களுக்குத் தோன்றினதைத்தான் சொல்வார்கள். எனக்குத் தெரியாதா.

அதோடு சரி. அவன் புது வீட்டுப் பால் காய்ச்சுக்குப் பத்திரிகை வைக்க வந்தான். நான் டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். சசிதான் வாங்கிக்கொண்டு, அப்பா வருவார், அவருக்கு ரொம்ப சந்தோஷம் என்று சொல்லி அனுப்பினான். யாரைக் கேட்டுச் சொன்னான்? இவன் இப்படித்தான். கடையில் நான் இட்லி கேட்க வாயைத் திறந்தால் இவன் தோசை சொல்வான். எண்ணெய் ஆகாதே என்றால், உங்களுக்குப் பிடிக்குமே என்பான். காதில் மாட்டுகிற மெஷின் வேண்டும் என்று போன வாரமே இவனிடம் சொல்லித்தான் இன்றைக்கு இங்கே வந்தேன். தெளிவாகச் சொன்னேன். எனக்கு வேண்டும். பேப்பர் படிக்கிறேன், கோயிலுக்குப் போகிறேன், நாலு பேர் பேசுவது கேட்க வேண்டும். ஆசை இருக்காதா?

இருங்கள். நர்ஸ் வந்துவிட்டது. சென்னியப்பன் என்று கூப்பிடுகிறது, உதடு தெரிகிறது. பாருங்கள், இங்கே நான் உட்கார்ந்திருக்கிறேன், அது அவனிடம் போய்க் கேட்கிறது. அவனும் சொல்கிறான் பாருங்கள். இத்தனை தூரத்தில் இருந்தாலும் அவன் உதட்டைப் படித்துவிடுவேன். ‘மெஷின் எல்லாம் வேண்டாங்க சிஸ்டர். மருந்து மட்டும் போதும். வீட்லதான இருக்கார். அவருக்கு...’

என்ன சொன்னான்? பார்த்தீர்களா நீங்கள்? திருப்தியா இருக்கார் என்றான்.

டேய் சசி. டேய். நகரு. கையை எடு, என்னைப் பிடிக்க வேண்டாம். நர்ஸம்மா, அவனைப் பார்க்காதே. இங்கே பாரு. இங்கே. நான். நான்.

என்ன சார் அப்படிப் பார்க்கிறீர்கள்? நெஞ்சில் தட்டினதற்கா? அது பிரஸ் ஷாப் பழக்கம். அங்கே எல்லோரும் இப்படித்தான் தட்டுவோம். அவனிடமிருந்து வந்தது இல்லை.